கீழராஜ வீதிக் கருநீலம்

பஸ்ல பின்னாடி நாலு சீட்டு காலியாக் கிடக்கு, இந்த அம்மா ஏன் வந்து நம்மளை நெருக்கிக்கிட்டு உட்காருதுன்னு நினைக்கிறீங்க. நினைக்கலாம், தப்பில்லை. எனக்கு வெளிச்சம் வேணும். இந்தப் பக்கம் வெயில் நல்லா விழுது. எல்லாரும் வெயிலுக்குப் பயந்து அந்தப் பக்கமா ஓடுவாங்க. நான் ஒருத்திதான் வெயிலைத் தேடி வந்து உட்காருவேன்.

எங்க இறங்கணும் நீங்க? நாமக்கல்லா. நல்லது, நேரம் இருக்கு. நான் சேலம் போயி, அங்கேருந்து இளம்பிள்ளை. புடவை எடுக்க. எனக்கில்லை, கடைக்கு. தை மாசக் கல்யாண சீசனுக்கு ஆயிரத்து இருநூறு புடவை, ஒரே நிறத்துல. எந்த நிறம்னு முடிவு பண்றது நான்.

ஒண்ணு கேட்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க, என் தொழில் அப்படி. இந்தப் புடவையை என்ன நிறம்னு சொல்லி உங்களுக்கு வித்தாங்க? எனக்குத் தெரியும், இருந்தாலும் கடைக்குக் கடை பேரு மாறும். இதையே ஒருத்தர் தாழம்பூம்பார், ஒருத்தர் சந்தனம்பார்.

வெங்காயத்தோலா. ஆமா, வெங்காயத்தோல். நானும் அதைத்தான் நினைச்சேன்.

என் பேரு தமயந்தி. புதுக்கோட்டை கீழராஜ வீதியில ஜவுளிக்கடை. கடைப் பேரைச் சொல்லலை. சொன்னா அந்த விளம்பரப் பாட்டு உங்க வாயில ஒட்டிக்கும், நாமக்கல் வரைக்கும் போகாது. அங்க இருபத்தாறு வருஷமா கண்ணாடி என் பொறுப்பு. முகம் பார்க்குற கண்ணாடி இல்லை. தெருவைப் பார்த்து ஆளுயரத்துக்குக் கண்ணாடி அடைச்சு, உள்ள பொம்மை நிறுத்தியிருப்பாங்கல்ல, அது. மூணு பொம்மை எனக்கு. ரஞ்சிதம், பார்கவி, மொட்டைச்சி. மொட்டைச்சிக்கு ஒரு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துல சவுரி போயிடுச்சு, அப்புறம் யாரும் வாங்கித் தரலை. முந்தானையைத் தலைக்கு மேல போட்டு நிறுத்திடுவேன். ஊர்ல அதைப் பார்த்து நாலு பேர் அப்படிப் போட ஆரம்பிச்சாங்க. நம்புங்க.

நான் பி.ஏ. தமிழ் படிச்சவ. ஜவுளிக்கடையில அது எதுக்குன்னு கேட்பீங்க. நிறத்துக்குப் பேரு வைக்க. ஒரு வருஷம் ஒரு மங்கல் பச்சை தேங்கிப் போயி, ஒரு ஆள் சீந்தலை. அதுக்கு 'ஆடிக்குளம்'னு ஒரு பேரு எழுதிப் பார்கவி கழுத்துல மாட்டினேன். நாலே நாள். ஒரு புடவை மிச்சமில்லை. பொம்பளைங்க துணியை மட்டும் வாங்குறதில்லை தாயி. வீட்டுக்குப் போயி சொல்லிக்கிறதுக்கு ஒரு சொல்லையும் சேர்த்துத்தான் வாங்குறாங்க.

ஆனா பேரு வைக்கிறது சின்ன வேலை. பெரிய வேலை, அடுத்த வருஷம் எந்த நிறம் ஓடும்னு இந்த வருஷமே சொல்றது. அதுக்கு எனக்குன்னு ஒரு வழி இருக்கு. எங்க முதலாளி பெரியவருக்குக்கூட நான் சொன்னதில்லை. நீங்க ஜவுளிக்கடை வைக்கப் போறதில்லையே? அப்ப சொல்றேன்.

என்ன வாங்குறாங்கன்னு பார்க்கவே கூடாது. எதை மடிச்சு வைக்கிறாங்கன்னு பார்க்கணும். ஒருத்தி வருவா, ஐம்பது புடவையைப் பிரிச்சுப் போடச் சொல்லுவா. நடுவுல ஒண்ணை எடுத்துத் தோள்ல போட்டுக் கண்ணாடியில பார்ப்பா. அந்த ஒரு நிமிஷம் அவ முகமே வேற மாதிரி இருக்கும். அப்புறம் யாரோ ஒண்ணு சொல்லுவாங்க, இல்லை அவளே சொல்லிக்குவா, 'எனக்கு எடுக்காது.' மடிச்சு வச்சுட்டு எப்பவும் எடுக்கிற நிறத்துல ஒண்ணை எடுத்துட்டுப் போயிடுவா. அந்த மடிச்சு வச்ச நிறம் இருக்கு பாருங்க, அதுதான் அடுத்த வருஷத்து நிறம். ஆசை பழுக்க ஒரு வருஷம் ஆகும். ஆடித் தள்ளுபடி முழுக்க நான் நோட்டும் பேனாவுமா கவுண்டர் ஓரத்துல நிப்பேன். என்னமோ சரக்குக் கணக்கு எழுதுறேன்னு நினைப்பாங்க. நான் ஆசைக் கணக்கு எழுதிக்கிட்டிருப்பேன்.

இருபத்தாறு வருஷத்துல மூணு தடவைதான் தப்பினது. அதுல ஒண்ணு வெள்ளம் வந்த வருஷம், அதைச் சேர்க்கக் கூடாது.

இப்படி ஓடிக்கிட்டிருந்த வண்டியிலதான் ஆவணி மாசம் ஒரு கல்லு விழுந்தது. பெரியவரோட மகன், சின்னவர்னு சொல்லுவோம், பெங்களூர்லேருந்து ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தார். விபின்னு பேரு. வேலை என்னன்னா, வரப்போற நிறத்தை முன்கூட்டியே சொல்றதாம். கிளி ஜோசியம்னு வச்சுக்கங்க. கிளிக்குப் பதிலா லேப்டாப். விசிறி மாதிரி ஒரு நிற அட்டை வச்சிருப்பான், விரிச்சா ஆயிரம் நிறம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். நிறத்துக்கு நம்பர். பிள்ளைக்குப் பேரு வைக்காம ரேஷன் கார்டு நம்பரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி.

"இந்தத் தீபாவளிக்கு எல்லா இடத்துலயும் மண்ணுதான் மேடம்"ன்னான். "மண், களிமண், காஞ்ச இலை. அந்தக் குடும்பம்தான்."

"ஏன் தம்பி?"

"ஜனங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. அமைதி தேடுறாங்க."

"தீபாவளிக்கு அமைதி தேடுறவ பழைய புடவையைச் சுத்திக்கிட்டுத் தூங்கிட மாட்டாளா? புதுசு எதுக்கு எடுக்க வர்றா?"

சிரிச்சுட்டான். கெட்ட பையன் இல்லை. ஆனா சின்னவருக்கு அவன் சொல்றது வேதம். எங்க கடை தெருமுனையில இருக்கு, கீழராஜ வீதிப் பக்கம் ஒரு கண்ணாடி, சந்துப் பக்கம் ஒண்ணு. சின்னவர் கூப்பிட்டுச் சொன்னார், "தமயந்தியம்மா, வீதிக் கண்ணாடி உங்களுக்கு, சந்துக் கண்ணாடி விபினுக்கு. ஆளுக்கு ஒரு நிறம். எந்த நிறம் ஓடுதோ, அவங்ககிட்டத்தான் தைக் கொள்முதல்."

"தோத்தவங்க?"

"தோத்தவங்கன்னு எதுக்குப் பேசணும்? உங்களுக்கும் வயசாகுது. மேல ஏசி போட்டு பில் சரிபார்க்குற ரூம் இருக்கு. வசதியா உட்காரலாம்."

வசதியா. அந்த ரூம்ல ஜன்னல் கிடையாது. வெள்ளைத் தாளும் நீல மையும்தான் அங்க உள்ள மொத்த நிறமும். இருபத்தாறு வருஷம் தெருவையே பார்த்து நின்னவளை அதுக்குள்ள வச்சு மூடினா என்ன ஆவேன் சொல்லுங்க. அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்துட்டேன்.

நோட்டைப் பிரிச்சேன். போன வருஷ ஆடிக்கு எது அதிகமா மடிச்சு வச்சிருக்காங்கன்னு பார்த்தேன். எல்லா வருஷமும் ஒரு நிறம் தலையில நிக்கும், அதை நான் சேர்க்கிறதே இல்லை. கறுப்பு. வயசுப் பொண்ணுங்க ஒருத்தி விடாம கறுப்பை எடுத்துத் தோள்ல போட்டுப் பார்க்கும். அம்மா முறைப்பா. மடிச்சு வச்சிடும். நல்ல நாளும் அதுவுமா கறுப்புக் கட்டினா வீட்ல கலவரந்தானே. அதனால கறுப்பு ஆசையிலேயே நின்னுடும், பழுக்காது. அதைத் தள்ளிட்டா அடுத்தது கருநீலம். சங்குப்பூவை நிழல்ல வச்சுப் பார்த்தா ஒரு நிறம் வரும், அது. மெல்லிசா ஜரிகைக் கரை. அதுதான் என் நிறம்னு முடிவு பண்ணினேன்.

மாடி குடோன்ல ஒரே ஒரு டியூப்லைட்டு, அதுவும் உயிர் இருக்கா போயிடுச்சாங்கிற மாதிரி துடிச்சுக்கிட்டிருக்கும். கட்டுல ஒட்டியிருந்த சீட்டெல்லாம் எலி தின்னுடுச்சு. கருநீலக் கட்டு எதுன்னு தேடிப் பிடிச்சேன். பக்கத்துலயே கறுப்புக் கட்டு. ஏதோ காலேஜ் விழாவுக்குன்னு நானூறு புடவை சொல்லிட்டு, அவங்க எடுக்காமப் போக, ரெண்டு வருஷமாத் தூங்குது. அதைத் தள்ளி வச்சுட்டு கருநீலத்தைக் கீழ இறக்கினேன். எனக்கு யாரும் நிறம் சொல்லித் தரணுமா என்ன?

கடை அடைச்ச பிறகு திரையைப் போட்டுக்கிட்டு வாயில குண்டூசியை வச்சுக்கிட்டு மூணு பேருக்கும் கட்டினேன். கொசுவம் ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி நிக்கணும். காலையில கடைப் பிள்ளைங்க எல்லாரும் தெருவுல நிக்க, ஜெசிந்தா திரையை விலக்கினா. ஜெசிந்தா யாருன்னு சொல்லணும்ல. பட்டுக் கவுண்டர்ல மூத்தவ, பதினோரு வருஷமா என்கூட இருக்கா. நான் ஒரு நிறத்தைச் சொன்னா அவதான் வர்றவங்க முன்னாடி அதை முதல்ல எடுத்துப் போடுவா. மத்தப் பிள்ளைங்களும் அவளைப் பார்த்து அதையே போடும். நல்ல பொண்ணு.

திரை விலகினதும் ஒரு சத்தம் இல்லை. நல்ல கண்ணாடின்னா அப்படித்தான், முதல்ல வாயடைச்சுப் போகும். ஜெசிந்தா தெருவுக்குப் போயிப் பார்த்துட்டு உள்ள வந்து என் பக்கத்துல நின்னா.

"அக்கா, இது என்ன நிறம்க்கா?"

"என்னடி கேள்வி இது? கருநீலம். தெரியலையா?"

என் முகத்தையே பார்த்தா. நல்லாப் பார்த்தா. அப்புறம் மெதுவா, "தெரியுதுக்கா. கருநீலம்"னா. சொல்லிட்டு வேகமா வெளியில போயி அந்தப் பிள்ளைங்ககிட்ட என்னமோ குசுகுசுன்னு பேசினா. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தியா வந்து என்கிட்ட, "கருநீலம் நல்லா இருக்குக்கா", "கருநீலம் எடுப்பா இருக்குக்கா." நான் பாட்டு வகுப்பா நடத்துறேன், எல்லாரும் ஒரே வரியைப் பாடுறதுக்கு? சின்னவர் கண்ணாடியைச் சீர்தூக்குறாருன்னு பயம் போல.

பெரியவர் வந்தார். வெளியில நின்னு பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வேட்டியில துடைச்சு மறுபடி போட்டுப் பார்த்தார்.

"தமயந்தி, இது தீபாவளிக்கா?"

"ஆமாங்கய்யா. பொம்பளைங்க மனசுல ஒரு வருஷமாக் கிடக்குற நிறம்."

அவர் அடுத்து வாயைத் திறக்கறதுக்குள்ள ஜெசிந்தா, "ஐயா, காபி ஆறுது"ன்னு கூட்டிட்டுப் போயிட்டா. விபின் மட்டும் ரொம்ப நேரம் தெருவுல நின்னான். உள்ள வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "மேடம், எனக்கு இந்தத் தைரியம் சத்தியமா வராது."

"இதுக்கு எதுக்குத் தம்பி தைரியம்? நீலந்தானே."

விழுந்து விழுந்து சிரிச்சான். என்ன சொல்லிட்டேன்னு சிரிக்கிறான்னு எனக்குப் புரியலை. பெங்களூர்ல எதுக்கெல்லாமோ சிரிப்பாங்க.

இனிமேத்தான் வேடிக்கை. பத்து மணிக்கு ஒரு காலேஜ் பொண்ணும் அவ அம்மாவும் வந்தாங்க. அந்தப் பொண்ணு நேரா என்கிட்ட, "அக்கா, கண்ணாடியில இருக்கே அந்தக் கறுப்புப் புடவை, அது வேணும்"னுச்சு.

"கறுப்பு எங்க கண்ணாடியில கிடையாதும்மா. அது கருநீலம்."

அந்தப் பொண்ணு கண்ணாடியைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு. ஜெசிந்தா பக்கத்துலேருந்து, "அதேதான் பாப்பா, கருநீலம்னு கேளு"ன்னா. சொல்லிட்டு ஒரு கண்ணை மூடித் திறந்தா. தூசி விழுந்திருக்கும்.

அம்மாக்காரி விடலை. "என்னடி இது, தீபாவளிக்குப் போயி கறுப்பு? அப்பத்தா வீட்டுக்குள்ள விடாது."

"கறுப்பு இல்லம்மா. கருநீலம். கடைக்கார அம்மாவே சொல்றாங்கல்ல."

அந்த அம்மா என்னை மேலேயும் கீழேயும் பார்த்தா. நரைச்ச தலை, நெத்தியில திருநீறு, நான் பொய் சொல்ற ஆளாத் தெரியலை. "நிஜமா கருநீலந்தாங்களா?"

"இருபத்தாறு வருஷமா நிறம் பார்க்கிறேன் தாயி. சுத்தமான கருநீலம். நல்ல நாளுக்குத் தாராளமாக் கட்டலாம்."

உடனே அந்த அம்மா முகம் தெளிஞ்சுடுச்சு. அதுமட்டுமா? ஒரு நிமிஷம் தயங்கிட்டு, "அப்ப எனக்கும் ஒண்ணு எடுங்க"ன்னா. நாற்பத்தஞ்சு வயசுக்காரி, தோள்ல போட்டுக்கிட்டு நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னா. சொன்னேனே, அந்த வேற மாதிரி முகம், அது வந்துச்சு. மடிச்சு வைக்கலை. அப்படியே பில்லு போட்டாங்க. பில்லுல தெளிவா எழுதியிருக்கும், கருநீலம்னு.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள்ள கூட்டம் நெரியுது. ஆலங்குடியிலேருந்து வர்றாங்க, அறந்தாங்கியிலேருந்து வர்றாங்க. எல்லாரும் என்கிட்டத்தான் வந்து கேட்பாங்க, "ஏங்க, இது கறுப்பு இல்லையே? கருநீலந்தானே?" நானும் பொறுமையா ஒவ்வொருத்தருக்கும் சொல்லுவேன், கருநீலம்னு. சொன்னதும் அப்படி ஒரு சந்தோஷம் அவங்களுக்கு. ஒருத்தி வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துட்டார், "இது அட்டக்கரி கறுப்பு, யாரை ஏமாத்துறீங்க?" அந்தப் பொண்ணு அசரலை. "பில்லைப் படிங்க"ன்னா. படிச்சார். பையைத் தூக்கிக்கிட்டு நடந்துட்டார். தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி பார்த்தா 'கீழராஜ வீதிக் கருநீலம்'னு அதுக்கு ஊர்ல தனிப் பேரே ஆகிப்போச்சு. நான் வைக்காத பேரு.

என்ன சிரிக்கிறீங்க? எனக்கும் சிரிப்புத்தான். ஊர்ல பாதிப் பேருக்கு கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியலை பாருங்க. எந்நேரமும் செல்போனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு போச்சு.

சந்துக் கண்ணாடியில விபினோட களிமண்ணு அமைதியா நின்னுச்சு. அதுவும் பரவாயில்லாம ஓடுச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா வீதிக் கண்ணாடிக்குப் பக்கத்துல வர முடியலை. சின்னவர் எல்லார் முன்னாடியும் சொன்னார், "தமயந்தியம்மா, தை உங்களுது." ஜெசிந்தா கண்ணுல தண்ணி. இதுக்கெல்லாமா அழுவாங்க?

ஒண்ணு மட்டும் புரியலை. தீபாவளி முடிஞ்சு குடோனுக்குப் போனேன். அந்தக் கறுப்புக் கட்டைக் காணோம். கருநீலக் கட்டு மட்டும் பிரிக்காம அப்படியே கிடக்கு. "ஏண்டி, இது எப்படி?"ன்னேன். "இடம் மாத்தி வச்சிருப்பாங்கக்கா"ன்னா ஜெசிந்தா. இருக்கும்.

இந்தா, முசிறி வந்தாச்சு. கொய்யா வாங்கட்டுமா? இந்த ஊர்க் கொய்யா நல்லா இருக்கும். நீங்களே எடுங்க, எது பழுத்திருக்குன்னு பார்த்து எடுங்க. எனக்குக் கண்ணைவிடக் கை சரியா இருக்கும் கொய்யாவுக்கு, அமுக்கிப் பார்த்துடுவேன். ஆமா, கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஊசியில நூல் கோக்கிறேனே. வீட்டுக்கு வெள்ளையடிச்ச ஆள்தான் என்கூடத் தகராறு. வெள்ளையடின்னா மஞ்சள் பூசி வச்சிருக்கான். கேட்டா, "பாட்டி, இது பால் வெள்ளை"ங்கிறான். இவன் எந்த மாட்டுப் பாலைப் பார்த்தானோ.

இப்ப கடையில ஒரு புதுப் பழக்கம் பிடிச்சிருக்கு. எல்லாப் புடவையிலயும் ஒரு சீட்டு, அதுல பெரிய பெரிய எழுத்துல நிறத்தோட பேரு. மாம்பழம். கிளிப்பச்சை. அரக்கு. ஜெசிந்தாவோட வேலை. "எதுக்குடி இது, பால்வாடியா நடத்துறோம்?"னு கேட்டேன். "புதுசா வந்த பிள்ளைங்களுக்கு நிறம் தெரியலைக்கா"ங்கிறா. புதுசா யாரும் வரலை. இன்னொண்ணு, ஒரு கண் முகாம் நடக்குதாம், அவ மாமியாரைக் கூட்டிட்டுப் போறாளாம், துணைக்கு நானும் வரணுமாம். அவ மாமியாரைப் பார்த்திருக்கேன். கழுகுக் கண்ணு. எதிர் வரிசையில யார் வீட்டுல என்ன குழம்புன்னு சொல்லும். தை முடியட்டும்டி, பார்க்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஒரு விஷயம் விட்டுட்டேன். கடையில மாசாமாசம் பணம் கட்டுற சீட்டுல நானும் அந்தக் கருநீலம் ஒண்ணு எடுத்தேன். ரவிக்கைத்துணி எடுக்க நம்ம கடையில வேண்டாம், ஐஸ் வைப்பாங்கன்னு, கீழ மூணாம் வீதியில முன்னப்பின்னத் தெரியாத ஒரு மேட்சிங் கடைக்குப் போனேன். மத்தியான வெயில். கருநீலத்துல துணி எடுங்கன்னு புடவையை நீட்டினேன். அந்த ஆள் வாசப்படிக்கு எடுத்துட்டுப் போயி, வெயில்ல வச்சு, ஒரு நீலத் துணியை மேல போட்டான். எடுத்துட்டு இன்னொரு துணியைப் போட்டான். "அம்மா, இது கறுப்பும்மா. நீலத்துல தைச்சா பல்லைக் காட்டும்"னான்.

கடைக்காரன் நாலு சொல்லுவான். புடவையை வாங்கி மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன். அந்த வாசப்படியில கொஞ்ச நேரம் நின்னிருப்பேன். வெயில் பளிச்சுன்னு இருந்துச்சு. தெருவே ஒரு மாதிரி பழைய போட்டோ கணக்கா இருந்துச்சு. அவ்வளவுதான். ரவிக்கை இன்னும் தைக்கலை. தைக்கணும்.

கொய்யா நல்லா இருக்கா?

தைக்கு என்ன நிறம்னு கேட்டீங்கல்ல. ஜெசிந்தாகிட்ட அரக்குன்னு சொல்லியிருக்கேன். அவ கூட வர்றதாத்தான் இருந்துச்சு. கவுண்டர்ல ஆள் இல்லைன்னு சின்னவர் நிறுத்திட்டார். பாவம், அவதான் தவிச்சுப் போனா. நேத்து என்ன பண்ணியிருக்கா தெரியுமா? மாதிரி நூலெல்லாம் வெட்டி ஒவ்வொண்ணுலயும் முடிச்சுப் போட்டுக் குடுத்திருக்கா. அரக்குக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு ரெண்டு, மஞ்சளுக்கு மூணு. "எதுக்குடி முடிச்சு?"ன்னு கேட்டேன். என் முகத்தைப் பார்க்காம, "அழகுக்குக்கா"ன்னா. சரி, அழகுக்குத்தான்னு வாங்கி வச்சுக்கிட்டேன். வேற என்ன கேட்க முடியும்?

ஆனா நான் எடுக்கப் போறது அரக்கு இல்லை. அவளுக்குத் தெரியாது. கத்தரிப்பூ.

நோட்டுல இந்த வருஷம் அதுதான் நிக்குது. பதினாறு வயசும் மடிச்சு வைக்குது, அறுபதும் மடிச்சு வைக்குது. எனக்கு இந்த மடிச்சு வைக்கிற வித்தை எப்படி வந்துச்சுன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. எனக்கு இருபத்திரண்டு வயசு. டுடோரியல்ல முதல் சம்பளம். அம்மாகூட ஜவுளி எடுக்கப் போனேன். ஒரு கத்தரிப்பூ நிறம். தோள்ல போட்டுக்கிட்டு நின்னேன். கண்ணாடியில யாரோ ஒருத்தி நின்னா, நல்லா இருந்தா. அம்மா சொன்னா, "கறுத்த பொண்ணுக்கு அது எடுக்காதுடி." அந்த வருஷம் பொண்ணு பார்க்க வேற வர்றதா இருந்தாங்க. மடிச்சு வச்சுட்டு ரோஸ் எடுத்தோம். வந்தவங்களுக்கு ரோஸும் பிடிக்கலை, அது வேற கதை. அடுத்த வருஷம் அந்தக் கடைக்குப் போனா தெரு முழுக்க கத்தரிப்பூ. அன்னைக்குத்தான் புரிஞ்சது, நான் ஒருத்தி மட்டும் மடிச்சு வைக்கலைன்னு. அப்புறமும் நான் அதை வாங்கலை. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியலை. தினம் பத்துப் பேருக்குப் பிரிச்சுப் போட்டிருக்கேன்.

ஆயிரத்து இருநூறு கத்தரிப்பூ. தை மாசம் ஒரு முகூர்த்த நாள்ல கீழராஜ வீதியில எதிர்ல வர்ற பொண்ணுங்க எல்லாம் அதைக் கட்டிக்கிட்டு வரணும். மொட்டைச்சிக்கு ஒண்ணு. இந்தத் தடவை எனக்கும் ஒண்ணு எடுக்கிறதா இருக்கேன். இது தப்பினா மாடி ரூம்தான், ஜன்னல் இல்லாதது. சின்னவர் இன்னொரு தடவை விட்டுக் குடுக்க மாட்டார்.

தொட்டியம் தாண்டிட்டோமா? நாமக்கல் வந்துடும். இறங்குறதுக்குள்ள உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். இவ்வளவு நேரம் கதை கேட்டீங்கல்ல, கண்ணு பழகியிருக்கான்னு பார்ப்போம். இந்தக் கவருக்குள்ள ரெண்டு நூல் இருக்கு. நேத்து நானே வெட்டி வச்சேன், ஜெசிந்தா பார்க்கலை, அதனால முடிச்சு இல்லை. ஒண்ணு கத்தரிப்பூ, இன்னொண்ணு காப்பிப்பொடி. வெளிச்சத்துல பிடிங்க. இன்னும் ஜன்னல் பக்கமா. வியாபாரிகிட்டப் போயி இது என்ன நிறம்னு நாம கேட்கக் கூடாது தாயி. கேட்டோம்னா, தேங்கினதைத் தலையில கட்டிடுவான். அதனால எல்லாத்தையும் வழியிலேயே சரிபார்த்துக்கிறது என் வழக்கம்.

எது கத்தரிப்பூ? அவசரமில்லை. நிதானமாப் பார்த்துச் சொல்லுங்க.

இதுவா? இந்த இடது கையில இருக்கிறதா?

நல்லாப் பார்த்தீங்களா? இன்னொரு தடவை பாருங்க. பஸ் திரும்புது, வெயில் இப்பத்தான் சரியா விழுது.

இதுதான். ஆமா. நானும் அதைத்தான் நினைச்சேன். உங்களுக்கு நல்ல கண்ணு.

கொஞ்சம் இந்தக் கொய்யாவைப் பிடிங்க. இந்த நூல்ல முடிச்சுப் போட ரெண்டு கையும் வேணும். ஒண்ணு. இன்னொண்ணு போடணும். ரெண்டு. மூணு. இன்னும் ஒண்ணு, நாலு. நாலு முடிச்சை எந்த நிறத்துக்கும் குடுக்கலை ஜெசிந்தா.

எதுக்கா? சும்மா. அழகுக்குத்தான் தாயி.